வாசலில் கிடந்த செருப்புகள்

ஷட்டரை உடைத்தவர்கள் ஒரு கூட்டம், உள்ளே புகுந்து அள்ளியவர்கள் வேறு கூட்டம். தன் செருப்புக் கடைக்கு நேர்ந்த இதைக் கடைக்காரி தன் கண்ணாலேயே பார்த்தாள். எதிர்வரிசைத் தையல்காரரின் மாடி அறையில், ஜன்னல் திரைக்குப் பின்னால், அவளும் அவள் கணவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அதற்கு முந்தின நாள் போலீஸ் வண்டி ஒன்று ஒரு மாணவனை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. மறுநாள் காலையில் ஜனங்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் கல் பறந்தது. நாற்சந்தியில் போலீஸ் சுட்டதில் ஒருவன் செத்தான். அதற்கப்புறம் தெரு யார் கையிலும் இல்லை.

முதலில் வந்தவர்கள் இளவட்டங்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் கடப்பாரையை ஷட்டருக்கு அடியில் கொடுத்து நெம்பினான். அழுதுகொண்டே நெம்பினான், மூக்கு ஒழுகுவதைத் துடைக்கக்கூட இல்லை. ஷட்டர் மடங்கியதும் உள்ளேயிருந்த கண்ணாடிக் கதவை ஒரே அடியில் உடைத்தான். என்னமோ கத்தினான். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் தெரு வெறிச்சென்று கிடந்தது. அப்புறம்தான் அவர்கள் வந்தார்கள். கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு, கையில் துணிப்பையும் சாமான் பையுமாக, ஏதோ தள்ளுபடி விற்பனைக்கு வருகிறவர்களைப்போல அவசரமில்லாமல் வந்தார்கள். அலமாரியில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒற்றைக் கால் செருப்புதான் வைத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு, மறுகாலைத் தேடிப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார்கள். ஒரு ஆள் முக்காலியில் உட்கார்ந்து, கடையிலிருந்த ஷூ மாட்டும் கரண்டியாலேயே குதிகாலை உள்ளே தள்ளி, எழுந்து கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தான். பிடிக்கவில்லை போலிருக்கிறது. கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஜோடி எடுத்தான். ஒரு பெண் வாசலில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஏழா எட்டா? சீக்கிரம் சொல்லு, எட்டு தீந்துடும்போல இருக்கு."

கடைக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கோபம்கூட அதற்கப்புறம்தான் வந்தது.

"சுட்டுத் தள்ளணும் இவங்களை. ஒருத்தனையும் விடக்கூடாது" என்று கணவன் பல்லைக் கடித்தான்.

"சுடட்டும்" என்று அவளும் சொன்னாள்.

தெருக்கோடியில் போலீஸ்காரர்கள் கேடயத்தைப் பிடித்தபடி வரிசையாக நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தையல்காரர் தணிந்த குரலில், "மேலேர்ந்து உத்தரவு வரலையாம்" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள்.

*

நாலைந்து நாளில் ஊர் அடங்கிற்று. கடைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் ஒரு கூட்டம் போட்டு இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று கடைக்காரியையும் கணவனையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, அந்தக் குடியிருப்பில்தான் இரண்டாவது மாடியில் இருந்தாள். "அண்ணி, தைரியமா பேசுங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள்.

கூட்டம் நடந்தது குழந்தைகள் விளையாடும் கூடத்தில். தரை முழுக்க மெத்தென்ற விரிப்பு. அதனால் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இன்ஸ்பெக்டர்கூடப் பூட்ஸைக் கழற்றியிருந்தார். அவருடைய காலுறையில் கட்டைவிரலுக்கு நேராக ஓட்டை. அதைப் பார்த்ததும் கடைக்காரி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செயலாளர் முதலில் எழுந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பேசும்போது மேசையைத் தட்டுவார்.

"நாங்க வரி கட்டறோம் சார். எங்களுக்குப் பாதுகாப்பு வேணும். கையில துப்பாக்கி எதுக்கு இருக்கு? அலங்காரத்துக்கா? பாத்த இடத்துல சுடணும். நாலு பேர் விழுந்தா நாப்பது பேர் ஓடுவான்."

கைத்தட்டல் காதைப் பிளந்தது. அடுத்து மூன்றாவது மாடிப் பாட்டு டீச்சர் எழுந்தாள். குரல் தழுதழுத்தது. நேராக வந்து கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க. ஒவ்வொரு செருப்பா பாத்துப் பாத்து வாங்கி அடுக்கின கடை. அதைச் சூறையாடினவங்க மனுஷங்களா? மிருகங்களுக்குச் சட்டம் எதுக்கு?"

டீச்சரின் கை வெதுவெதுப்பாக இருந்தது. கடைக்காரிக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

பல் டாக்டர் நிதானமானவர். "சுடறதுன்னா உயிரை எடுக்கறதுன்னு அர்த்தம் இல்லை" என்றார். "முட்டிக்குக் கீழ சுடலாம். அதுல ஒரு மனிதாபிமானம் இருக்கு."

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிப் பல நாள் ஆனவரைப்போலக் கண்கள் சிவந்திருந்தன.

"சுடு சுடுன்றீங்க. சுட்டோமே! கூட்டம் கலையலை, ஒருத்தன் செத்தான். யாரு தெரியுமா? வீடு வீடா கேஸ் சிலிண்டர் போடறவன். வண்டியைத் தள்ளிக்கிட்டு நாற்சந்தியைத் தாண்டினான். உங்க வீட்டுக்கெல்லாம்கூட அவன்தான் போடுவான்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அதான் இந்த வாரம் சிலிண்டர் வரலையா? நான் நாலு தடவை போன் பண்ணிட்டேன்."

"கலவரம் நடக்கற இடத்துல அவனுக்கு என்ன வேலை?" என்றார் செயலாளர். "ஒண்ணு போறாது சார். ஒண்ணோட நிறுத்தினதாலதான் அவனுங்களுக்குத் துளிர்விட்டுப் போச்சு."

அந்தச் சிலிண்டர்காரனைக் கடைக்காரிக்குத் தெரியும். பெரிய பாதம் அவனுக்கு. அந்த அளவில் கிடைப்பது அபூர்வம் என்பதால் வந்தால் எடுத்து வைக்கச் சொல்வான். செத்தது அவன்தான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் விசாரிக்கவில்லை. தன் கடை போன துக்கத்தில், யார் செத்தார்கள் என்று கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று செயலாளர் அவளைக் கூப்பிட்டார்.

அவள் எழவில்லை. கணவன் எழுந்து, எல்லோரும் எதிர்பார்த்ததைச் சொன்னான். அவனுக்கும் கைதட்டினார்கள்.

*

கூடத்தின் காற்று பிடிக்காமல் அவள் எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்தாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடிக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தேன் நிறப் பட்டை, பக்கவாட்டில் சின்னப் பித்தளை வளையம். கலவரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கிய சரக்கு அது. அவளே காகிதத்தில் வரைந்து, தெரிந்த பட்டறையில் சொல்லிச் செய்யவைத்தது. வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. அவள் கடையிலும் ஒரு ஜோடிகூட விற்கவில்லை, விலைச்சீட்டே ஒட்டியிருக்கவில்லை. அந்தச் செருப்பு அங்கே மூன்று ஜோடி கிடந்தது. ஒன்று ஆண் அளவு, இரண்டு பெண் அளவு.

சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். செயலாளர் வந்தார். அவர் இன்னும் பேசிக்கொண்டே, தைத்துத் தைத்து நைந்த பழைய செருப்பை மாட்டிக்கொண்டார். நாலு உயிரைக் கேட்ட மனுஷர், அடுத்தவன் பொருளைத் தொடாதவர். பல் டாக்டர் வந்தார். தேன் நிறப் பட்டைக்குள் அலட்டிக்கொள்ளாமல் காலை நுழைத்தார். அவளைப் பார்த்து, "மனசைத் தளர விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கூச்சம்? ஒரு தயக்கம்? ஒன்றும் இல்லை. பாட்டு டீச்சர் வந்தாள். வளையத்தில் சேலை மாட்டிக்கொள்ளாமல் கவனமாகத் தூக்கிப் பிடித்தபடி மாட்டினாள். கொஞ்சம் பெரிய அளவு. குதிகாலுக்குப் பின்னால் அரை விரல் இடம் இருந்தது. 'ஏழு தீர்ந்துபோயிருக்கும், எட்டை எடுத்திருக்கிறாள்' என்று கடைக்காரியின் மனசு தன்னால் கணக்குப் போட்டது. சற்றுமுன் அந்தக் கை தொட்ட தன் கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. நாத்தனார் குழந்தையோடு கதவருகே வந்தாள். பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அண்ணியின் பார்வை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"குழந்தைக்குப் பால் குடுக்கணும் அண்ணி, வரேன்" என்று வெறுங்காலோடு விடுவிடுவென்று படியேறிவிட்டாள்.

கடைசியில் வாசலில் அவளுடைய செருப்பும், கணவனுடையதும், இன்ஸ்பெக்டரின் பூட்ஸும், கேட்பாரற்ற அந்த ஒரு ஜோடியும்தான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கட்டும்போது அவள் சொன்னாள். "சார், என் கடைச் செருப்பு போட்டுட்டுப் போறவங்களை இப்பதான் பாத்தேன். பல் டாக்டர். பாட்டு டீச்சர். இது" என்று காலால் சுட்டிக்காட்டினாள், "இது என் நாத்தனாருது."

பின்னால் நின்ற கணவன் அவள் தோளை அழுத்தினான். "அவ ஏதோ குழப்பத்துல பேசறா சார்."

இன்ஸ்பெக்டர் கயிற்றைக் கட்டி முடித்தார். "ஸ்டேஷனுக்கு வாங்க. எழுதிக்கலாம்" என்றார். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவன் வெடித்தான். "என் தங்கச்சியைப் போய் போலீஸ்ல சொல்றியே, உனக்கு மூளை பிசகிடுச்சா?"

"சுட்டுத் தள்ளணும்னீங்களே, ஒருத்தனையும் விடக்கூடாதுன்னு."

"அது வேற! அவ புருஷன் சரியா பணம் அனுப்பறதில்லை. ஒரு ஜோடி செருப்பு எடுத்துட்டா குடி முழுகிடுமா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"கேக்கலையே."

"நம்ம வீட்டு ஆளும் தெருவுல போறவனும் ஒண்ணா?"

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனின் முகம். அதைப் பார்க்கவும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

*

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அடையாளம் காட்டவேண்டும் என்றார்கள். கடை உரிமம் கணவன் பேரில் இருந்ததால் அவனும் கூட வந்தான்.

உள்ளறையில் இரண்டு பையன்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கால்களை முன்னால் நீட்டியிருந்தார்கள். நீட்டியிருந்தார்கள் என்பதைவிட, மடக்க முடியவில்லை என்பதே சரி. உள்ளங்கால்கள் கறுத்து, ஊதி, விரல்களுக்கும் பாதத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தன. ஒரு குதிகாலில் தோல் பிளந்து ஈரமாக மின்னியது. ஆயுசு பூராவும் அடுத்தவர் காலைப் பார்த்தே பிழைத்தவள் அவள். ஆணி, வெடிப்பு, சேற்றுப்புண் எதற்கும் முகம் சுளித்ததில்லை. இப்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவங்கள்ல யாரையாவது பாத்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஒருவனை அவள் பார்த்ததே இல்லை. மற்றவன் அந்த ஒல்லிப் பையன்தான். சட்டை மாறியிருந்தது, முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அவன்தான்.

"இவன்தான் ஷட்டரை உடைச்சான்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. அவசரமாகத் தொடர்ந்தாள். "ஆனா உள்ள வரலை. ஒரு பெட்டியைக்கூடத் தொடலை. அடுத்த பையனை நான் பாக்கவே இல்லை."

ஒல்லிப் பையன் தலையைத் தூக்கினான். "செருப்பு எடுக்கலைக்கா. எதுவுமே எடுக்கலை."

"வாயை மூடுடா" என்றார் ஓரமாக நின்ற போலீஸ்காரர். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "செத்தானே சிலிண்டர்காரன், அவன் தம்பி" என்றார், ஏதோ ஊர்ச் சேதி சொல்கிற மாதிரி.

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடித்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள். இருவரும் கடையின் கதவை உடைத்து, உள்ளே புகுந்து, காலணிகளைக் கொள்ளையடித்துச் சென்றதைத் தாங்கள் நேரில் கண்டதாக எழுதியிருந்தது.

"நான் இப்படிச் சொல்லலையே சார். நான் சொன்ன மூணு பேர் எங்க?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அம்மா, அவங்களைப் பிடிச்சா நான் அந்தக் குடியிருப்புல பாதிப் பேரைப் பிடிக்கணும். நாளைக்கே எனக்கு மாற்றல் வரும். ஊரே நடவடிக்கை எடு, நடவடிக்கை எடுன்னு கத்துது. எடுத்தாச்சு. எல்லாரும் நிம்மதியா தூங்கட்டும்."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீங்க போடணும்னு இல்லை. உரிமம் யார் பேர்ல இருக்கு?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையன்களையும் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாக, இனிஷியலோடு, கையெழுத்துப் போட்டான். இன்சூரன்ஸுக்கு இதன் நகல் தேவைப்படுமே என்று எழும்போது முணுமுணுத்தான்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பி, "ஏறு" என்றான்.

"நீங்க போங்க. நான் நடந்து வரேன்."

குடியிருப்பு வாசலில் செயலாளர் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. "பிடிச்சுட்டாங்களாமேம்மா! நம்ம கூட்டம் போட்டதுக்குப் பலன் இருக்கு பாருங்க. நல்லா வெளுத்தாங்களா?"

"வெளுத்தாங்க சார். காலை மடக்க முடியலை."

"அப்படித்தான் வேணும்" என்றார் அவர், வயிறு நிறைந்தவரைப்போல. "கடை எப்ப திறக்கறீங்க?"

அவள் தெருவோரம் போய்க் காறித் துப்பினாள். அவர் அதை நெடியால் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா, தெருவுல கொளுத்தின புகை நெடி இன்னும் போகலை" என்றார்.

*

கடை திறந்தது. ஒரு நாள் காலையில் ஷட்டர் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தேன் நிறச் செருப்பு ஒரு ஜோடி, பெரிய அளவு. பின்பக்கம் தேய்ந்து, உள்ளே விரல் பதிந்த அழுக்கு. யார் யார் எடுத்தார்கள் என்று வெளியில் பேச்சு அடிபட ஆரம்பித்ததும் பாட்டு டீச்சருக்கு உறுத்தியிருக்கவேண்டும். பேச்சுக்குப் பயந்ததா, மனசுக்குப் பயந்ததா, யார் கண்டது. கணவன் அதை ஈரத்துணியால் துடைத்து, பாலிஷ் போட்டு, அலமாரியில் வைத்தான். அவள் எடுத்துக்கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு அவன் போட்ட சத்தத்தில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

நாத்தனாரும் ஒரு நாள் வந்தாள். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, நின்று, "அண்ணி, எல்லாரும் எடுத்தாங்க. சும்மா போற பொருள்தானேன்னு நினைச்சுட்டேன்" என்றாள்.

"என் பொருள்னு தெரிஞ்சுதானே எடுத்தே?"

"நான் எடுக்கலேன்னா வேற யாரோ எடுத்திருப்பாங்க. அதுக்கு நம்ம வீட்டுலயே இருக்கட்டுமேன்னுதான்."

சொல்லும்போது நாத்தனாரின் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது பொய் இல்லை என்று கடைக்காரிக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பெட்டிகளை அடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

பையன்களின் வக்கீல் தேடிக்கொண்டு வந்தபோது, நீதிமன்றத்துக்கு வருவதாக அவள் ஒப்புக்கொண்டாள். கணவன் தடுத்தான், மாமியார் வீட்டில் எல்லோரும் போன் போட்டுத் திட்டினார்கள். அவள் போனாள். கூண்டில் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்: இவன் உடைத்தான், எடுக்கவில்லை, அவனை நான் பார்க்கவே இல்லை, எடுத்தவர்கள் வேறு. யார் என்று கேட்டதற்குப் பெயர்களையும் சொன்னாள். அரசு வக்கீல், சாட்சிக்கும் அவள் கணவன் குடும்பத்துக்கும் தகராறு என்று சொல்லி உட்கார்ந்தார். அவள் பார்த்திராத பையனை விட்டுவிட்டார்கள். ஒல்லிப் பையனுக்கு, உடைத்ததை அவளே பார்த்திருந்ததால், தண்டனை கிடைத்தது. பாதங்களைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் சொல்ல வாயெடுத்தபோது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு அம்மாள் அவளை வழிமறித்தாள். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு, இன்னொரு பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிவிட்டு நிற்கிறவள்.

"நீதானே என் பையனைக் கைகாட்டினவ?"

தான் மற்றதையெல்லாம் சொன்னேனே என்று சொல்ல கடைக்காரிக்கு வாய் வரை வந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, சுடட்டும் என்று தானும் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த ஒல்லிப் பையன் அழுததைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னாள்.

"ஆமாங்க" என்றாள்.

அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று கடைக்காரிக்குத் தெரியும். இத்தனை நாளாக அவளே ஒவ்வொருவரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மாள் ஒதுங்கி வழி விட்டாள்.